ஆள் மாறினால் ஓசை மாறும்

காஞ்சிபுரம் என்றால் பட்டு, கோயில், இட்லி என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வது ஊர் உலக வழக்கம். இந்த ஊரிலேயே தங்கிப் படித்து, பெரிய காஞ்சிக்கும் சின்னக் காஞ்சிக்கும் நடுவே நாள் தவறாமல் அலைந்த நம்மில் பலருக்கும்கூட நான்காவதாக ஒன்று உண்டு என்பது தெரியாது. அதுதான் லயம். தாளக் கணக்கில் புலி என்று பெயரெடுத்த ஒரு பாடகர், தன் பின்னால் ஒரு பட்டாளம் மாதிரி தாளக் கலைஞர்களை உட்கார வைத்துக்கொண்டு பாடியது இந்த ஊரில்தான். அவர் காஞ்சிபுரம் நைனாப் பிள்ளை.

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், வேலை பார்க்கும் துறையைப் பற்றி எழுதுவதா, பிடித்ததைப் பற்றி எழுதுவதா என்று ஒரு நாள் யோசித்தேன். பிடித்ததே ஜெயித்தது. ஒரு இசைக் குழுவில் கீழ் ஓசையைத் தாங்குகிற ஆள் மாறினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். மாணவத் தம்பி தங்கைகளுக்கு ராக் இசை நன்றாகவே பழக்கம். ஆகவே அங்கே ஆரம்பித்து நம் ஊருக்கு வருகிறேன்.

பேஸ் என்கிற அஸ்திவாரம்

ராக் குழுவில் நான்கு தந்தியோடு ஒருவர் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். பாடகருக்குக் கைதட்டல், கிட்டார்காரருக்கு விசில், டிரம்ஸ்காரருக்கு ஆரவாரம். இவரை யாரும் கவனிப்பதில்லை. அவர்தான் பேஸ் கிட்டார். அவர் கிட்டாரின் கனத்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. காதால் கேட்பதைவிட நெஞ்சால் உணர்கிற ஓசை அது.

எங்கள் செட் படித்தபோது கல்லூரி மெல்லிசைக் குழுவில் ஒரு சீனியர் அண்ணன் பேஸ் வாசித்தார். அவர் படிப்பு முடிந்து போனதும் வேறொரு பையன் வந்தான். விரல் வேகத்தில் அண்ணனைவிட ஒரு படி மேல் என்றே சொல்லலாம். ஆனால் அதே பாட்டு, அதே பாடகர், அதே கீபோர்டு, எல்லாம் இருந்தும் ஒத்திகையில் ஏதோ ஒன்று சரியில்லை. கடைசியில் பாடகர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்: "பாட்டு உட்கார மாட்டேங்குதுடா, ஓடுது." அண்ணன் தாளத்துக்கு ஒரு இழை பின்னால் சாய்ந்து வாசிப்பார், புதுப் பையன் ஒரு இழை முன்னால். அவ்வளவுதான் வித்தியாசம். அதிலேயே குழுவின் நடை மாறிவிட்டது. பிறகு பாடகரும் கீபோர்டும் அவனுக்கேற்ப நகர்ந்துகொள்ள, வேறொரு குழு பிறந்தது. முன்னதைவிட மோசம் என்று சொல்ல மாட்டேன். வேறு, அவ்வளவே.

பெரிய குழுக்களிலும் இதே கதைதான். பீட்டில்ஸ் குழுவில் முதலில் பேஸ் வாசித்தவர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப். 1961-ல் அவர் விலகி ஹாம்பர்க் நகரிலேயே தங்கிவிட்டார். அதுவரை கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னி வேறு வழியில்லாமல் பேஸைக் கையில் எடுத்தார். பாட்டு கட்டத் தெரிந்தவர் கைக்கு அது போனதும், கீழ் ஓசையே ஒரு தனி மெட்டாக நடக்க ஆரம்பித்தது.

மெடாலிகாவின் கதை இன்னும் தெளிவானது. 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பஸ் விபத்தில் அவர்களுடைய பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். விரலால் வாசித்தவர் அவர். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் சில்லு பிடித்து வாசிப்பவர். 1988-ல் வந்த ஆல்பத்தில் நியூஸ்டெட்டின் பேஸ் ஏறக்குறைய காதில் விழாத அளவுக்கு ஒலிக்கலவையில் அமுக்கப்பட்டிருந்தது. ரசிகர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஆக, ஆளை மாற்றுவது ஒரு மாற்றம். வந்தவருக்கு இடம் தருகிறோமா இல்லையா என்பது இன்னொரு மாற்றம். இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்க் கதையில் அது முக்கியம். 2003-ல் சேர்ந்த ராபர்ட் ட்ரூஹியோ மறுபடியும் விரலால் வாசிப்பவர். 2011 அக்டோபரில் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்குப் போய் வந்த நண்பர்கள் அவரைத்தான் கேட்டார்கள்.

ஏன் கீழ் ஓசைக்கு இவ்வளவு செல்வாக்கு?

இது வெறும் ரசனை விஷயம் இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்ந்த சுரம் ஒன்றும் தாழ்ந்த சுரம் ஒன்றும் சேர்ந்து சீராக ஒலிக்கும். நடுவில் எப்போதாவது இரண்டில் ஒன்று 50 மில்லி செகண்ட் முன்னதாக வரும். கேட்பவரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபோது, தாழ்ந்த சுரம் தவறி வந்தால்தான் மூளை அதிகம் திடுக்கிட்டது. விரலால் தாளம் தட்டச் சொன்னபோதும் கை தாழ்ந்த சுரத்தையே பின்பற்றியது. மெட்டுக்கு மேல் ஓசை, காலப்பிரமாணத்துக்குக் கீழ் ஓசை என்று நம் காதே வேலையைப் பிரித்து வைத்திருக்கிறது.

ஆகவே கீழே இருப்பவர் ஒரு இழை நகர்ந்தால் மேலே உள்ள எல்லாரும் நகர்கிறார்கள். கிட்டார்காரர் மாறினால் குழுவின் முகம் மாறும். பேஸ்காரர் மாறினால் நடையே மாறும்.

நம் கச்சேரியில் பேஸ் எது?

கர்நாடகக் கச்சேரியில் பேஸ் கிட்டார் இல்லையே என்று கேட்கலாம். இருக்கிறது. மிருதங்கத்தின் ஒரு பக்கம் வலந்தலை, மறுபக்கம் தொப்பி. வலந்தலையைப் பாடகரின் ஆதார ஸட்ஜத்துக்குச் சேர்ப்பார்கள். அதன் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்குச் சோறு என்று பெயர். கல்லைப் பொடித்து, சாதத்தோடு பிசைந்து, அடுக்கடுக்காக ஏற்றித் தேய்த்தது. தொப்பியின் நடுவிலோ கச்சேரி தொடங்கும் முன் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஈர ரவையின் எடைதான் தொப்பியின் ஓசையைக் கீழே இழுக்கிறது.

இதற்குள் இருக்கும் இயற்பியலை முதலில் எடுத்துச் சொன்னவர் சர் சி.வி. ராமன். சாதாரணமாக ஒரு வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாத விகிதத்தில் வரும். அதனால்தான் வெறும் பறையோசையில் தெளிவான சுரம் தெரிவதில்லை. மிருதங்கத்தின் சோறு அந்த விகிதங்களை 1, 2, 3, 4, 5 என்று முழு எண்களுக்கு அருகே கொண்டுவந்துவிடுகிறது. தோலுக்குச் சுரம் வந்துவிடுகிறது. சிவகாளி குமாருடன் சேர்ந்து ராமன் இதை 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்; 1930-களில் விரிவாக இன்னொரு கட்டுரையும் எழுதினார். எலக்ட்ரானிக்ஸ் படித்த எனக்கு, கணினி எதுவும் இல்லாத காலத்தில் தோல் வேலை செய்தவர்கள் காதாலேயே இந்தக் கணக்கைப் போட்டு முடித்தார்கள் என்பது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

தொப்பியில் இன்னொரு வித்தை உண்டு. உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி நகர்த்தினால் ஓசை "ம்ம்" என்று வளைந்து மேலேறும். இதற்குக் கும்கி என்று பெயர். பேஸ் கிட்டாரில் தந்தியை வழுக்கி எழுப்பும் ஓசைக்கு இது அண்ணன் முறை. ஒரே பாட்டுக்கு இரண்டு வித்வான்கள் ஒரே சொற்கட்டை வாசித்தாலும், தொப்பியை எங்கே ஒலிக்க விடுகிறார்கள், எங்கே சும்மா இருக்கிறார்கள் என்பதில்தான் பாட்டின் கனம் மாறும்.

நைனாப் பிள்ளையின் புல் பெஞ்ச்

இப்போது காஞ்சிக்கு வருவோம். நைனாப் பிள்ளையின் இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தார். இசை வேளாளர் குடும்பம். அவருடைய சிறிய தாயார் காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் அந்நாளில் பேர்போன பாடகி. தியாகராஜர் கீர்த்தனைகள், பல்லவி, திருப்புகழ் என்று எதைப் பாடினாலும் நைனாப் பிள்ளையின் பலம் தாளத்தில்தான் இருந்தது. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவருடைய சீடர். வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா காஞ்சிபுரத்துக்கு வந்து அவரிடம் பாடம் கேட்டார்.

அவருடைய மேடையைப் 'புல் பெஞ்ச்' என்பார்கள். ஹைகோர்ட்டில் நீதிபதிகள் வரிசையாக உட்காருவதை வைத்து யாரோ குறும்பாக இட்ட பெயராக இருக்க வேண்டும். வயலின் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, மிருதங்கம் கும்பகோணம் அழகநம்பியா பிள்ளை, கஞ்சிரா புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோல் மன்னார்குடி பக்கிரிப் பிள்ளை, போதாததற்குக் கடம், முகர்சிங், டோலக். ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு ஊரையே கட்டிப்போடும் ஆசாமிகள். இத்தனை பேர் கணக்கில் வளைத்து வளைத்து இழுத்தாலும் தாளத்தை விடாமல் பாடி நிற்பதே நைனாப் பிள்ளையின் சவால்.

பொறியாளர் கண்ணோடு இதைப் பார்த்தால் ஒன்று புரியும். பாரத்தைத் தாங்கப் பல தூண்கள் இருக்கிற கட்டடம் அது. ஒரு நாள் கடக்காரர் வரவில்லை, அல்லது டோலக் இல்லை என்றால் மற்றவர்கள் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்வார்கள். ஆள் மாறினாலும் பெஞ்ச் பெஞ்சாகவே இருக்கும். கீழ் ஓசை யாரோ ஒருவருடைய சொத்து அல்ல, கூட்டுக் குடும்பச் சொத்து.

பெஞ்ச் சுருங்கியது

நைனாப் பிள்ளை 1934-ல் போனார். தட்சிணாமூர்த்திப் பிள்ளை 1936-ல் போனார். அதற்குள்ளேயே கச்சேரியின் உருவம் மாறத் தொடங்கிவிட்டது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த பாணி பரவியது: ஒரு வர்ணம், விறுவிறுப்பான கீர்த்தனைகள், நடுவே ஒரு பெரிய உருப்படி, பல்லவி, கடைசியில் துக்கடாக்கள். மேடையில் ஒரு வயலின், ஒரு மிருதங்கம். சில நாள் கூட ஒரு கடமோ கஞ்சிராவோ. அவ்வளவுதான்.

இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஏழு பேர் தாங்கிய பாரம் இப்போது ஒருவர் மடியில். மிருதங்க வித்வான் யார் என்பதே கச்சேரியின் குணத்தைத் தீர்மானிக்கிற நிலை வந்தது. சபாக்களில் பாடகர் பெயரைக் கேட்டவுடனே "மிருதங்கம் யாரு?" என்று அடுத்த கேள்வி விழுவது அதனால்தான். குழு சிறுத்தால் அடித்தளக்காரர் பெருக்கிறார்.

இரண்டு கைகள்

அந்தக் காலத்தின் இரண்டு பெரிய பெயர்கள் பாலக்காடு மணி ஐயரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும். மணி ஐயர் 1912-ல் பிறந்தவர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் சீடர். பழனி 1908-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் முத்தையா பிள்ளையும், நம் பெஞ்ச் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும், கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர்கள். ஆக, நைனாப் பிள்ளையின் பெஞ்சில் ஒலித்த புதுக்கோட்டை வழி பழனி மூலமாகத்தான் அடுத்த தலைமுறைக்கு வந்தது.

செம்பை வைத்தியநாத பாகவதருக்கு இருவருமே வாசித்திருக்கிறார்கள். இன்று கிடைக்கும் பழைய பதிவுகளைக் கேட்டால், ஒரே மாதிரிப் பாட்டு இரண்டு பேர் கையில் எப்படி மாறுகிறது என்று தெரியும். மணி ஐயர் பாட்டின் சொல்லோடு கூடவே நடப்பார். சாகித்தியம் எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே அவரும் நிறுத்துவார். நிறுத்திய இடம்கூட வாசிப்பாகக் கேட்கும். பாட்டுக்கு ஓட்டம் கூடும். பழனி வாசித்தால் கும்கி வந்து பாட்டின் அடியில் உட்காரும். பாட்டுக்கு இருப்பு கூடும். யார் பெரியவர் என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. அவர்களே அதில் இறங்கவில்லை. மணி ஐயர் மிருதங்கமும் பழனி கஞ்சிராவுமாக ஒரே மேடையில் வாசித்தவர்கள்.

ஆனால் பழனிக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவர் இடது கைக்காரர். வழக்கப்படி மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார்; அப்போதுதான் வலந்தலை சபையைப் பார்க்கும். இடது கைக்காரர் அங்கே உட்கார்ந்தால் வலந்தலை சுவரைப் பார்க்கும், தொப்பி சபையைப் பார்க்கும். ஆகவே அவர் பாடகரின் இடப்பக்கம் உட்கார வேண்டும். வயலின்காரர் தன் வழக்கமான இடத்தை விட்டு எதிர்ப்பக்கம் போக வேண்டும். சிலர் அதற்கு ஒப்பவில்லை. கலை குறைவு என்பதற்காக அல்ல, உட்காரும் இடத்துக்காக ஒரு மேதை வாய்ப்பு இழக்கும் நிலை! அப்போது பழனிக்கு ஆதரவாக நின்று மேடை கொடுத்தவர் செம்பை. பால் மெக்கார்ட்னியும் இடது கைக்காரர்தான். ஆனால் ராக் குழுவில் நின்றுகொண்டு வாசிப்பதால் யாரும் யாருக்காகவும் எழுந்து இடம் மாற வேண்டியிருக்கவில்லை.

பழனி 1962-ல், 54 வயதில் காலமானார். மியூசிக் அகாடமி ஒரு மிருதங்க வித்வானுக்கு முதன்முதலாகச் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது 1966-ல். பெற்றவர் மணி ஐயர். தாங்குகிறவருக்குத் தலைமை தர அத்தனை காலம் ஆயிற்று.

தாமல் பெண்ணும் பல்லவியும்

மறுபடியும் நம் ஊர். காஞ்சிக்குப் பக்கத்தில் தாமல். அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்தவர் டி.கே. பட்டம்மாள். 1919-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தார். நைனாப் பிள்ளை காஞ்சியில் நடத்திவந்த தியாகராஜ உற்சவக் கச்சேரிகளுக்குச் சின்னப் பெண்ணாகப் போய் உட்கார்ந்து கேட்டவர். கேட்ட உருப்படிகளைச் சகோதரர்களோடு சேர்ந்து மனதில் பிடித்துவந்து வீட்டில் பாடிப் பார்ப்பாராம். குருவுக்கு எதிரே உட்கார்ந்து பாடம் கேட்காமலே, புல் பெஞ்சின் லயம் முழுவதும் ஒரு சிறுமியின் காதுக்குள் போய்விட்டது.

1932-ல் சென்னையில் மேடையேறினார். அடுத்த வருஷம் குடும்பமே சென்னைக்குப் போய்விட்டது. பெண்கள் பாடலாம், ஆனால் ராகம் தானம் பல்லவி ஆண்களின் சமாச்சாரம் என்று இருந்த காலம். பட்டம்மாள் அந்த வேலியைத் தாண்டினார். 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் வந்தது.

பல்லவி என்பது தாளத்தோடு போடும் மல்யுத்தம். கீழே உறுதியாக ஒருவர் இல்லாவிட்டால் மேலே பாடகி எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் எடுபடாது. இங்கேதான் சிக்கல். முன்னணி மிருதங்க வித்வான்களில் பலர் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று வைத்திருந்தார்கள். மணி ஐயரும் நெடுங்காலம் அப்படித்தான். பெண்களின் சுருதி உயர்ந்தது, அதற்குத் தனி மிருதங்கம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதில் பாதி உண்மை உண்டு. சுருதி ஏறினால் மிருதங்கத்தின் கட்டை சிறுக்கும், தொப்பியின் கனமும் குறையும். மீதிப் பாதி என்ன என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பிறகு மணி ஐயர் அந்த விரதத்தை விட்டார்; பட்டம்மாளுக்கு வாசித்தார். இரு குடும்பங்களும் சம்பந்திகள் ஆயின. மணி ஐயரின் மகள் லலிதா, பட்டம்மாளின் மகன் சிவகுமாரை மணந்தார். அவர்களுடைய மகள்தான் பாடகி நித்யஸ்ரீ.

இந்த ஒரு மாற்றத்தின் அர்த்தத்தை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பாடகி மாறவில்லை, பல்லவி மாறவில்லை. அடியில் உட்கார்ந்தவர் மாறினார். ஒரு பெண்ணின் பல்லவிக்கு மணி ஐயர் தொப்பி வைக்கிறார் என்றவுடன், "பொம்பளை பாடுற பல்லவி" என்று இளக்காரமாகப் பேசியவர்களின் வாய் அடைபட்டது. மெடாலிகா கதையில் வந்தவருக்கு ஒலிக்கலவையில் இடம் கிடைக்கவில்லை. இங்கே பாடகிக்கு அஸ்திவாரம் கொடுப்பதற்கே பெரியவர்கள் யோசித்தார்கள். ஆள் மாற்றம் என்பது ஓசை விஷயம் மட்டும் இல்லை, யார் யாரைத் தாங்கச் சம்மதிக்கிறார்கள் என்பதும்தான். பட்டம்மாளுக்கு 1970-ல் சங்கீத கலாநிதி கிடைத்தது. 2009-ல் அவர் மறையும்போது பெண்கள் பல்லவி பாடுவது செய்தியே இல்லை என்கிற நிலை வந்திருந்தது.

அடித்தளத்துக்கும் அடியில்

இன்னும் ஒரு படி கீழே இறங்கினால் வேறு சிலர் இருக்கிறார்கள். பலா மரக் கட்டையைக் குடைந்து, மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலைப் பதம் பார்த்து மூட்டி, வார் பிடித்து, சோறு ஏற்றி மிருதங்கம் செய்பவர்கள். மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற தஞ்சாவூர்க் கைவினைஞர் இருந்தார். இப்படி மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் கதையை டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகமாகவே எழுதினார். மூட்டுகிற கை மாறினாலும் மிருதங்கத்தின் குரல் மாறும் என்பது எல்லா வித்வான்களுக்கும் தெரியும். ஆனால் கச்சேரி அழைப்பிதழில் அந்தப் பெயர் அச்சாவதில்லை. பேஸ்காரரை யாரும் கவனிப்பதில்லை என்று ஆரம்பத்தில் வருத்தப்பட்டேன். இவர்களை நினைத்தால் அது ஒரு வருத்தமே இல்லை.

மணி ஐயர் மைக்கை வெறுத்தார் என்பதும் பிரசித்தம். மிருதங்கத்தின் இயற்கையான நாதத்தை மைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. இன்று எந்தச் சபாவிலும் தொப்பி எவ்வளவு கேட்க வேண்டும் என்பதில் வாசிப்பவருக்குப் பாதி உரிமைதான். மீதி உரிமை ஒலிப்பெட்டிக்குப் பின்னால் இருப்பவருடையது. ஒலிப்பெட்டி பிடிக்கிற நம் துறைத் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். மிருதங்கத்துக்கு இரண்டு முகம் உண்டு. இரண்டுக்கும் மைக் வையுங்கள், இரண்டையும் கேளுங்கள்.

கோர்வை

நம் ஊர்த் தறியில் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. நெசவாளி ஒருவராக முடியாது. பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். இருவர் கையும் ஒத்துப் போகாவிட்டால் கரை சேரும் இடம் ஒழுங்காக வராது. புடவையை வாங்குகிறவர் உடலின் நிறத்தைப் பார்ப்பார், முந்தானையின் ஜரிகையைப் பார்ப்பார். துணைக்கு இருந்தவரைப் பற்றி விசாரிக்க மாட்டார். ஆனால் புடவை கிழியாமல் பல வருஷம் நிற்பது அந்தச் சேர்க்கையில்தான்.

மிருதங்கத்திலும் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் வருகிற கணக்குக் கட்டுக்குக் கோர்வை என்றே பெயர். தறிக்காரரும் தாளக்காரரும் ஒரே சொல்லை வைத்திருக்கும் ஊரில் படித்தவர்கள் நாம். இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

மாணவ நண்பர்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன், மார்க் கிடையாது. செம்பையின் பழைய பதிவுகளில் மணி ஐயர் வாசித்தது ஒன்று, பழனி வாசித்தது ஒன்று தேடி எடுங்கள். நல்ல ஹெட்போன் போட்டு, பாட்டைக் கவனிக்காமல் தொப்பியை மட்டும் பத்து நிமிஷம் கேளுங்கள். பிறகு பாட்டைக் கேளுங்கள். அதன் பின் உங்கள் பிடித்தமான ராக் குழுவின் பழைய ஆல்பத்தையும், பேஸ்காரர் மாறியபின் வந்த ஆல்பத்தையும் அதே மாதிரி அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் பிடிபட்டால், அடுத்த கலை விழாவில் நம் கல்லூரிக் குழு மேடையேறும்போது ஓரமாக நிற்கும் அந்த ஆளுக்கும் ஒரு கைதட்டல் போடுங்கள்.